கோபால் சுமந்த பழி

கோபாலின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஸ்டீவனும் ஒருவன். ஆரம்பாக்கம் காலனியில் ஒரு சாவு என்றால் அவனைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். பந்தல்காரனுக்குப் போன் போடுவது, ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுப்பது, குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன். அன்றைக்கும் நின்றான். ஆனால் காலையிலிருந்து அவன் கண் செத்தவனின் மனைவி சின்னப்பொண்ணுவையே சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் அழவில்லை. தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொள்வாள். தம்பி பாக்கியராஜுக்காகக் காத்திருக்கிறாள் என்பது பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் அத்திப்பட்டில் இருக்கிறான். ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. காலை ஆறு மணிக்கே தகவல் போய்விட்டது. மூன்று மணிக்கு என்றிருந்த அடக்கத்தை அவனுக்காக நாலரை வரை தள்ளினார்கள். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

பாக்கியராஜ் வரவில்லை. பெட்டியை மூடப்போகும்போது சின்னப்பொண்ணு ஸ்டீவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவரு கம்பெனில காட்டிக்குடுக்குற ஆளு இல்லடா. நீயாவது எந்தம்பிகிட்ட எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

ஸ்டீவன் எதற்கும் அர்த்தமில்லாமல் தலையை ஆட்டினான். கோபால் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அந்த ஊரில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். காட்டிக்கொடுத்தவனே அவன்.

அது நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை.

பாக்கியராஜும் ஸ்டீவனும் ஒரே தெரு, ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகள் வந்தபின் பிள்ளைகள் வயலில் கால் வைக்கவில்லை. இருவரும் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனியில் ஒரே நாளில் கான்ட்ராக்ட் ஆட்களாகச் சேர்ந்தார்கள். வார்த்து வருகிற உருப்படிகளின் பிசிறைக் கிரைண்டரில் தேய்த்தெடுக்கிற வேலை. பாக்கியராஜின் அக்கா புருஷன் கோபாலுக்கும் அதே பிரிவுதான். மூன்று பேரும் காலையில் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவார்கள்.

பாக்கியராஜ் எங்கே நின்றாலும் அவனைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். அதை அவன் கேட்டு வாங்கவில்லை; அவன் வாகு அப்படி. ஸ்டீவன் ஒரு தமாஷ் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதையே பாக்கியராஜ் சொன்னால் சூப்பர்வைசரே சிரிப்பார். ஸ்டீவனுக்கு அவன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவனுக்கு டெங்கு வந்தபோது பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே கிடந்தவன் ஸ்டீவன்தான். ஆனால் அந்தப் பிரியத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. பாக்கியராஜுக்கு ஒரு நல்லது நடந்தால் ஸ்டீவனுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று பிடிக்கும். முகம் சிரித்துக்கொண்டிருக்கும், வயிறு எரிந்துகொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே இருந்ததால் அதை ஒரு குற்றமாகக்கூட அவன் நினைத்ததில்லை. தலைவலி மாதிரி, வரும், போகும்.

அந்த வருஷம் அவர்கள் பிரிவிலிருந்து ஒருவனைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், அது பாக்கியராஜ்தான் என்று பேச்சு வந்தது. அதே சமயத்தில் பாக்கியராஜ் வேறொரு காரியத்திலும் இறங்கியிருந்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சரியான கண்ணாடியோ கையுறையோ கொடுப்பதில்லை. இரும்புத் தூள் போய் ஒருவனுக்கு ஒரு கண் பார்வையே மங்கிவிட்டது. தொழிலாளர் துறைக்குக் கொடுக்க மனு எழுதி, ஒவ்வொருவராகப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான் பாக்கியராஜ். ஸ்டீவன் நாளைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான். கோபால் இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றவன், பயந்த சுபாவம், அவனும் போடவில்லை. ஆனால் அந்தத் தாள் பாக்கியராஜின் சாப்பாட்டுப் பைக்கு அடியில், அட்டைக்குக் கீழே இருக்கிறது என்பது இந்த இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மேனேஜர் பரசுராமன் ஸ்டோர் பக்கம் ஸ்டீவனைத் தனியாகப் பார்த்தார். ஆட்கள் எல்லாம் ஏதோ குசுகுசு என்று இருக்கிறார்களே, என்ன சங்கதி என்று பொதுவாகத்தான் கேட்டார். ஸ்டீவன் திட்டம் போட்டு வந்தவன் இல்லை. தெரியாது சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு.

“பாக்கியராஜ் சாப்பாட்டுப் பைய பாருங்க சார்.”

அன்று சாயங்காலமே பாக்கியராஜை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டு மிரட்டி எழுதி வாங்கிக்கொண்டார்கள். யார் சொன்னது என்ற பேச்சு ரயிலில் எழுந்தபோது, காலையில் கோபால் ஆபீஸுக்குப் போயிருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அவன் போனது இ.எஸ்.ஐ. கார்டில் பேர் திருத்த. அதை யார் கேட்டார்கள்? பாக்கியராஜ் நேராக அக்கா வீட்டுக்குப் போய், “மாமா, நீயா?” என்று கேட்டான். கோபாலுக்குப் பயந்தால் வாய் குழறும். அன்றைக்கும் குழறியது. அந்தக் குழறலே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பாக்கியராஜின் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்டீவன் அத்தனையும் பார்த்தான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழி வேறு ஆள் மேல் விழுந்ததும் அவனுக்குக் கிடைத்தது நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் பின்னால் அவனால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஸ்டீவன் பர்மனென்ட் ஆனான். பாக்கியராஜ் பெண்டாட்டி தமிழ்செல்வியோடு அத்திப்பட்டுக்குக் குடிபோய், அங்கே அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். ஆரம்பாக்கம் பக்கமே திரும்பவில்லை. நாற்பத்தாறு வயதில் கோபால் நெஞ்சுவலியில் போகிறவரை மாமனும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு ஸ்டீவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் உட்கார்ந்தால் சின்னப்பொண்ணுவின் விரல்கள் மணிக்கட்டில் இருப்பது போலவே இருக்கும். அவன் பெண்டாட்டி பிரின்சி அதற்கு முன்பே எளாவூர் சாலையில் இருந்த ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டீவன் பேருக்குத்தான் கிறிஸ்தவன். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் பழைய கோயிலில் தலையைக் காட்டுவதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரின்சியின் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தகரக் கூரை, மின்விசிறி, வெளியே ஆந்திரா லாரிகளின் சத்தம். ஜெபத்தின் நடுவில் அவனுக்கு அழுகை வந்தது. நாற்பத்திரண்டு வயது ஆம்பளை தரையில் முட்டி போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். சுற்றி இருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அந்த அழுகை பொய் இல்லை. அவன் நிஜமாகவே மாற விரும்பினான். மூன்று மாதம் கழித்துப் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தான். பழைய மனுஷனை இந்தத் தண்ணியிலேயே விட்டுவிட்டு வா என்று பாஸ்டர் சொன்னார். மூழ்கி எழுந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. உடம்பு பஞ்சாகிவிட்டது போல இருந்தது. எல்லாப் பாவத்தையும் அறிக்கை செய்தாயா என்று கரையில் கேட்டபோது, செய்தேன் என்றான். பீடி, சீட்டாட்டம், சினிமாப் பைத்தியம் எல்லாம் சொல்லியிருந்தான். ஒன்றை மட்டும், கர்த்தருக்குத் தெரியும், மனுஷனுக்கு எதற்கு என்று உள்ளேயே வைத்துக்கொண்டான்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பீடியை விட்டான். பிரின்சியிடம் குரல் உயர்த்துவதில்லை. ரயிலில் யார் திட்டினாலும் சிரித்தான். சபையில் வசனம் வாசிக்கிற பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆள் அடியோடு மாறிட்டான்பா என்று தெருவில் பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது. அவனும் அதை நம்பினான்.

கம்பெனியில் அவர்கள் பிரிவுக்கு லைன் லீடர் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. வயதிலும் அனுபவத்திலும் தனக்குத்தான் வரும் என்று ஸ்டீவன் இருந்தான். அன்புசெல்வன் என்று ஒருவன், டிப்ளமா படித்தவன், இவனுக்குப் பத்து வருஷம் சின்னவன், அவன் பேரும் அடிபட்டது. நல்லவன். கிரைண்டரில் யாருக்காவது கை நடுங்கினால் போய்த் தோளில் தட்டி உட்கார வைப்பான். ஒரு நாள் பரசுராமன் கேபினுக்குக் கூப்பிட்டு, நீ பழைய ஆள், சொல்லு, அன்புசெல்வன் எப்படி என்று கேட்டார். சத்தியமாக நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஸ்டீவன் நினைத்தான்.

“நல்ல பையன்தான் சார். கொஞ்சம் யூனியன் பேச்சு பேசுவான்.”

அன்புசெல்வன் ஒரு நாளும் யூனியன் பேச்சுப் பேசியதில்லை.

கேபினை விட்டு வெளியே வந்த ஸ்டீவன் கை கழுவும் குழாயடியில் நின்றான். குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனான். நான்கு வருஷத்துக்கு முன்பு செய்தபோதாவது அவன் கர்த்தரை அறியாதவன். இப்போது? ஞானஸ்நானம் எடுத்தவன், வசனம் வாசிக்கிறவன், அதே ஆளிடம், அதே மாதிரி, அதைவிடக் கேவலமாக. போன தடவை சொன்னது உண்மை. இந்த முறை பொய். ஏரியில் விட்டு வந்ததாக நினைத்த பழைய மனுஷன், அவன் கரை ஏறுவதற்கு முன்பே கரையேறி நனையாமல் நின்றிருக்கிறான்.

பாஸ்டரிடம் போனான். பேர் சொல்லாமல், பொறாமை என்று மட்டும் சொன்னான். பாஸ்டர் அன்பானவர். தலையில் கை வைத்து ஜெபித்தார், மூன்று நாள் உபவாசம் இரு என்றார், இரத்தத்தால் கழுவப்பட்டாயிற்று, பின்னால் திரும்பிப் பார்க்காதே என்றார். ஸ்டீவன் மூன்று நாள் இருந்தான். பிறகு ஏழு நாள் இருந்தான். கிரைண்டர் முன்னால் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். அப்போது அவனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தது அன்புசெல்வன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஸ்டீவன் கவனித்தான்: சுற்றி நின்றவர்கள் அன்புசெல்வனைப் பார்த்த பார்வையில் ஒரு மதிப்பு இருந்தது, அதைப் பார்த்ததும் வயிற்றில் அந்த இடம் சுருக்கென்றது. பட்டினி போட்டு எல்லாம் சுருங்கிய வயிற்றில் அது மட்டும் சுருங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரின்சியிடம் எல்லாவற்றையும் சொன்னான். பாக்கியராஜ், கோபால், பரசுராமன், அன்புசெல்வன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.  நான் தினமும் சின்னப்பொண்ணு அக்கா வீட்டுக் குழாயில்தானே தண்ணி பிடிக்கிறேன் என்றாள் கடைசியில். பாக்கியராஜிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று அவன் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

“செத்தவரு எழுந்து வந்துருவாரா? பாக்கியராஜ் அண்ணன் அங்க எதையோ நெனச்சுகினு நிம்மதியா கீறாரு. உங்க பாரத்த எறக்க அவுரு தலமேல கல்லத் தூக்கிப் போடுவீங்களா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லாமல் இருந்தால் இது மூன்றாம் தரமும் நடக்கும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போகாமல் ரயில் ஏறினான். அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனான். அந்தத் தெருவில் செடிகளின் இலை, தண்ணீர்த் தொட்டி மூடி, ஸ்கூட்டர் சீட் எல்லாவற்றின் மேலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. பாக்கியராஜ் வீட்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து மடவை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். பார்த்ததும் கத்தியைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றான்.

“டேய் ஸ்டீவா! இன்னாடா இது, வழி தவறி வந்துட்டியா?”

உள்ளே தமிழ்செல்விக்குக் குரல் கொடுத்தான். இவனுக்கு மீன் தலை பிடிக்கும், எடுத்து வை என்றான். அவள் வந்து சிரித்து நலம் விசாரித்துவிட்டு மசாலா அரைக்கப் போனாள். பாக்கியராஜ் பேசிக்கொண்டே இருந்தான். நிலக்கரித் தூள் மூக்கில் போய் விடாத இருமல் என்றான். மூத்தவன் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. ஸ்டீவனுக்கு அப்போதும், அந்த இடத்திலும், வயிற்றில் அது எழுந்தது. தான் நாசம் பண்ணின மனுஷனின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவனிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தைப் பார்த்து எரிந்தது. அந்த நிமிஷம் ஸ்டீவன் தன்னைப் பற்றி வைத்திருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. இனிமேல் நல்லவனாகி வந்து சொல்லலாம் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இப்படியே, எரிகிற வயிற்றோடேயே சொன்னால்தான் உண்டு.

“பாக்கியம், உன் சாப்பாட்டுப் பைய பாக்கச் சொன்னது கோபால் மாமா இல்ல. நான்.”

பாக்கியராஜின் கத்தி இரண்டு முறை மீனின் மேல் ஓடியது. அப்புறம் நின்றது.

“இன்னா சொன்ன?”

ஸ்டீவன் மறுபடி சொன்னான். ஸ்டோர் பக்கம், செவ்வாய்க்கிழமை, பரசுராமன் கேட்டது, தான் சொன்னது. ஏன் சொன்னாய் என்று பாக்கியராஜ் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னான். உன்னைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்கு எரியும் என்றான்.

பாக்கியராஜ் எழுந்து தொட்டியில் கை கழுவினான். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நிறைய நேரம் கழுவினான். அடிப்பான் என்று ஸ்டீவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மாமா மூணு வாட்டி இங்க வந்தாரு,” என்றான் பாக்கியராஜ், திரும்பாமலே. “மூணு வாட்டியும் கதவ சாத்துனேன். மூணாவது வாட்டி செம மழ. அதோ அந்தக் கட ஓரம் நின்னுகினு இருந்தாரு. நா ஜன்னல்லர்ந்து பாத்துகினே இருந்தேன். ஒரு மணி நேரம். அப்பால போய்ட்டாரு.”

பாக்கியராஜ் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

“என் வேலைய எடுத்த பாரு, அது போவட்டும். நா அத மறந்தே போய்ட்டேன். மாமாவ இன்னாடா பண்றது?”

 உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. பாக்கியராஜ் கேட்டான், இப்போது சொன்னாயே, உனக்குப் பாரம் இறங்கியதா என்று. இறங்கவில்லை என்றான் ஸ்டீவன். அது நிஜம். வரும்போது இருந்ததைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. இப்போது அதில் மழையும் கடை ஓரமும் சேர்ந்துவிட்டன.

“அக்காகிட்ட நீயே போய் சொல்லு. எந்த மூஞ்சிய வச்சுகினு நா போவேன்?” என்றான் பாக்கியராஜ். பிறகு, “போடா. சாப்ட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல,” என்று வீட்டுக்குள் போனான். செதில் எடுத்த மீனும் எடுக்காத மீனும் தட்டில் கிடந்தன. அன்றைக்கு அவன் கதவைச் சாத்தவில்லை. ஆனால் ஸ்டீவன் எழுந்து போய்விட்டான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பாக்கத்தில் இறங்கி நேராகச் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனான். வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் தைரியம் போய்விடும் என்று பயம். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். அவள் துணியை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் மடித்த துணியை உள்ளே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வா என்றாள்.

கல்லறைத் தோட்டம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. கோபாலின் மேட்டுக்கு இன்னும் சிமென்ட் பூசவில்லை. ஒரு மரச் சிலுவை, பெயிண்டில் எழுதிய பேர். சின்னப்பொண்ணு அதன் கால்மாட்டில் நின்றாள்.

“இங்க சொல்லு.”

ஸ்டீவனுக்கு முதலில் புரியவில்லை. செத்தவர்களோடு பேசக் கூடாது என்று சபையில் சொல்லியிருக்கிறார்களே என்று மெதுவாகச் சொன்னான்.

“நீ அவருகிட்ட பேச வேணாம். சத்தமா சொல்லு. நா கேக்குறேன். உயிரோட கீறச்சே அவருக்காக யாரும் ஒரு வார்த்த சத்தமா சொல்லல.”

அவன் சொன்னான். பாதியில் சென்னைக்குப் போகிற ரயில் வந்தது. அவன் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. பெட்டிகள் எல்லாம் போய்த் தீரும்வரை அவள் காத்திருந்துவிட்டு, முதலிலிருந்து சொல்லு என்றாள். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். ‘அவர் மேல் பழி விழுந்தது’ என்றபோது மறித்தாள்.

“தானா விழல. நீ போட்ட. அப்டி சொல்லு.”

“நான் போட்டேன்,” என்றான் ஸ்டீவன். “கோபால் மாமா யாரையும் காட்டிக்குடுக்கல. நான்தான் காட்டிக்குடுத்தேன். அவரு மேல பழியப் போட்டேன். நாலு வருஷம் பாத்துகினு சும்மா இருந்தேன். அவரு பெட்டியையும் தூக்குனேன்.”

சின்னப்பொண்ணு குனிந்து மேட்டின் மேல் முளைத்திருந்த கோரையைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு பிடி, இன்னொரு பிடி. அவனும் குனிந்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

“மன்னிப்பு கேக்காத. எனக்கு வரல. பொய்யா வேணும்னா சொல்லுவேன், அது எதுக்கு? வந்தா நானே வந்து சொல்றேன். வரலன்னா வுட்டுரு.”

அவன் திரும்பி நடந்தான். அவள் அங்கேயே குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

செய்தி இரண்டு நாளில் காலனி முழுக்கப் பரவியது. ரயிலில் அவன் உட்கார்ந்த பலகையில் மற்றவர்கள் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, கொஞ்ச காலத்துக்கு வசன வாசிப்பு வேண்டாம் தம்பி, ஜனங்கள் இடறுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். ஸ்டீவனுக்கு அது சரி என்றே பட்டது. பிரின்சி தண்ணீருக்கு அடுத்த தெருவுக்குப் போனாள். பத்து நாள் அவனோடு அவசியத்துக்கு மேல் பேசவில்லை.

ஸ்டீவன் பரசுராமனிடம் போய், அன்புசெல்வனைப் பற்றிச் சொன்னது பொய் சார் என்றான். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போய்விட்டது, இப்போது எதையும் மாற்ற முடியாது என்றார். இவனுக்கும் இல்லாமல், அவனுக்கும் இல்லாமல், வெளியிலிருந்து ஒருவரை லைன் லீடராகப் போட்டார்கள். அன்புசெல்வனிடமும் சொன்னான். அவன் ஸ்டீவனை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டான். அதன்பின் வேலை சம்பந்தமாகத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பாக்கியராஜ் ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தான் என்று ஸ்டீவன் கேள்விப்பட்டான். வாசலில் நின்று அழுதானாம். அவள் உள்ளே வா என்று சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டாளாம். அவன் இப்போது மாதம் ஒரு முறை வருகிறான். ஸ்டீவன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை, நிற்பதும் இல்லை. சின்னப்பொண்ணுவும் மன்னித்தேன் என்று சொல்ல இன்னும் வரவில்லை.

ஸ்டீவன் காலையில் ஜெபிப்பதை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் இந்தப் பொறாமையை என்னிடமிருந்து எடுத்துப்போடும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அது போகவில்லை. அவன் பட்டினி கிடந்தாலும் போகவில்லை, அழுதாலும் போகவில்லை. இப்போது அவன் ஜெபத்தில் வார்த்தை குறைந்துவிட்டது. இன்றைக்கு இன்னாரைப் பார்த்து எரிந்தது, என்னால் முடியவில்லை, நீர்தான் பார்க்க வேண்டும் என்று பேர் சொல்லிச் சொல்வான். அவ்வளவுதான். சொன்னபின் வெளிச்சம் எதுவும் வருவதில்லை. எழுந்து ரயிலுக்குப் போவான்.

அடுத்த வருஷம் மார்ச்சில் புது லைன் லீடர் வேலையை விட்டுப் போனார். இந்த முறை பரசுராமன் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அன்புசெல்வனின் பேர் போர்டில் ஒட்டியிருந்தது. ஆட்கள் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஸ்டீவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கை தட்டினான். போய்க் கை கொடுத்தான். அன்புசெல்வன் தயங்கி, பிறகு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சாயங்காலம் வீட்டில் பிரின்சி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் கை வைக்காமல் இருந்தான்.

“அன்புசெல்வனுக்கு வந்துடிச்சு,” என்றான். “எனக்கு எரியுது பிரின்சி. இங்க. காலைலர்ந்து.”

அவள் அவனைப் பார்த்தாள். குழம்புக் கரண்டி சட்டியிலேயே இருந்தது.

“யார்கிட்டனா எதுனா சொன்னீங்களா?”

“இல்ல. உங்கிட்டதான்.”

“சரி,” என்று குழம்பை ஊற்றினாள். “ஆறிடப் போவுது. சாப்புடுங்க.”